உட்கார்ந்த இடத்துல 118

இன்னிக்கு மீட்டிங்ல மேனேஜர், "ஒரு நிமிஷம்..."னு என் பக்கம் திரும்பினார்.
கையில கட்டியிருந்த வாட்ச் இதயத் துடிப்பு 118னு காட்டுச்சு.
நான் எந்திரிக்கக்கூட இல்லைங்க. நாற்காலி நுனியில உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து சீட் அண்ணனுக்கும் அதே கெடு, அதே திட்டு.
அவர் வாட்ச்ல 76.
மனுஷன் கேன்டீன்ல இன்னிக்கு என்ன சட்னின்னு யோசிச்சிட்டு இருந்தாராம்!

நாற்காலி நுனின்னதும் எப்பவோ படிச்சது ஞாபகம் வந்துச்சு.
1950கள்ல சான் பிரான்சிஸ்கோவுல ஃப்ரீட்மேன், ரோசன்மேன்னு ரெண்டு இதய டாக்டருங்க. அவங்க கிளினிக் நாற்காலியெல்லாம் முன் விளிம்புலதான் தேஞ்சு கிடந்துச்சாம். கடிகாரத்தோட மல்லுக்கட்டுற ஆளுங்களுக்கு 'டைப் ஏ'ன்னு பேர் வெச்சது அவங்கதான்.

கணக்குப் பார்க்கிறவங்களை வெச்சு ஒரு ஆய்வும் பண்ணினாங்க. 1958ல வெளியாச்சு. வருமான வரிக் கெடு நெருங்க நெருங்க அவங்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறுச்சு, ரத்தம் சீக்கிரமா உறைஞ்சுச்சு.
(நம்ம ஊர்ல நிதியாண்டு முடியுற மார்ச் 31ஐ நினைச்சுக்கோங்க.)

பின்னால வந்த பல ஆய்வுகள், அவசரத்தைவிட உள்ளுக்குள்ள புகையுற கோபமும் பகையும்தான் இதயத்துக்கு வில்லன்னு சொல்லுச்சு.

அப்பாடா, நமக்கு வெறும் அவசரம்தானேன்னு சாய்ஞ்சு உட்கார்ந்தேன்.
அண்ணனோட 76ஐ இன்னொரு தடவை பார்த்தேன்.
பத்திக்கிட்டு வந்துச்சு.

124.

நீங்க எப்படி? நாற்காலி நுனியா, சாய்வா?