நாணயமும் நம்பிக்கையும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கையில் வழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்பன என்பதை ஸ்பெயின் நாட்டின் உள்நாட்டுப் போர் நன்கு விளக்கும்.

1936ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நாட்டுப் படைத்தலைவர் சிலர் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். நாடு இரு கூறாயிற்று. நாளை என்ன நேருமோ என்று அஞ்சிய மக்கள் வெள்ளிக் காசுகளைச் செலவிடாமல் மறைத்து வைத்தனர். சின்னாட்களில் அங்காடியில் சில்லறை அரிதாயிற்று. ரொட்டி வாங்க வந்தவர் கையில் பெருமதிப்புள்ள பணத்தாள் இருந்தது. மீதி கொடுக்க வணிகரிடம் காசு இல்லை. பொருள் இருந்தும் வாணிகம் தடைப்பட்டது.

இவ்விடரைத் தீர்க்கக் குடியரசுப் பகுதியின் ஊர்மன்றங்கள் முன்வந்தன. சிற்றூர்களும் பேரூர்களும் தத்தம் பெயரால் சிறு தாள்களை அச்சிட்டு வழங்கின. கட்டலோனியாவின் ஆட்சிமன்றமும் 1936இல் இரண்டரை, ஐந்து, பத்துப் பெசேத்தாத் தாள்களை வெளியிட்டது. பெசேத்தா என்பது அக்காலத்து ஸ்பெயின் பணத்தின் பெயர். வடபுலத்து அஸ்தூரியாஸ் பகுதியோ பகைவர் படையால் குடியரசின் ஏனைய பகுதிகளினின்றும் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆதலின் அங்கிருந்த ஆட்சிக்குழுவும் தனித் தாள் வெளியிட்டது. அக்குழுவின் தலைவர் பெலார்மினோ தொமாஸ் என்பார். மக்கள் அத்தாளைப் ‘பெலார்மினோ’ என்றே அழைத்தனர். தாளுக்குப் பின் நின்ற வாக்கு யாருடையது என்பதை அப்பெயரே காட்டும்.

ஓர் ஊரின் தாள் பெரும்பாலும் அடுத்த ஊரில் செல்லாது. வெளியிட்டவரை அறிந்து நம்பியவரே அதனை ஏற்பர். எல்லை கடந்தால் அது வெறுங் காகிதமே. இக்குழப்பத்தை நீக்கக் கருதிய குடியரசு, 1938 சனவரியில் ஊர்த்தாள்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே வட்டமான அட்டைத் துண்டுகளில் அஞ்சல் தலையை ஒட்டி, அவற்றைச் சில்லறையாக வழங்கிற்று.

இதற்கு முன்னரே, 1937 அக்டோபரில், அஸ்தூரியாஸ் வீழ்ந்தது. அதனோடு பெலார்மினோவும் வீழ்ந்தது. 1939 ஏப்ரல் முதல் நாள் போர் முடிவுற்றது. போர்க்காலத்தில் குடியரசு வெளியிட்ட தாள்கள் செல்லா என்பது வென்றோர் முடிவு. உழைத்துப் பெற்ற கூலியைத் தாளாகச் சேர்த்து வைத்திருந்த ஏழையர் பலர் ஒரு நாளில் வறியராயினர்.

வெள்ளியை மறைத்தவர் தம் பொருளைக் காத்துக்கொண்டனர். தாளை நம்பி ரொட்டியும் உழைப்பும் கொடுத்தவரோ இழந்தனர். எனினும், போர்க்காலத்தில் ஊரார் உண்டு உயிர் வாழ்ந்தது யாரால்? ஒருவர் நீட்டிய சிறு தாளை மற்றவர் நம்பி ஏற்றமையால் அன்றோ! அந்நம்பிக்கையைப் பெறுவது எளிது. இறுதிவரை காப்பது அரிது. அதனைக் காக்கும் பொறுப்பு, தாளை ஏற்கும் குடிகளினும் அதில் கையொப்பமிடும் ஆட்சியாளர்க்கே மிகுதியாக உண்டு.