காணி என்றொரு சொல்

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காணிப்பாக்கம். வரசித்தி விநாயகரைப் பார்க்க ஆந்திரா, தமிழகம், கர்நாடகம் என மூன்று மாநிலத்துக் கூட்டமும் அங்கே நெரிகிறது. ஊர் பேசுவது தெலுங்கு. பெயரோ தமிழ்க் காதுக்கு உடனே விளங்கிவிடுகிறது. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு, விநாயகருக்கு முன்னால் அந்தப் பெயர்தான் தரிசனம் தந்தது.

தலபுராணமே ஒரு விவசாயிக் கதை. பார்வையற்றவர், காது கேளாதவர், பேச்சற்றவர் என மூன்று சகோதரர்கள். கையகல நிலம், அதற்கு ஒரு கிணறு. கிணறு வற்றியது. ஆழப்படுத்த இறங்கித் தோண்டியபோது இரும்பு கல்லில் பட்டு ரத்தம் பெருகியது. மூவர் குறையும் தீர்ந்தது. சுயம்புவாக வெளிப்பட்ட விநாயகருக்கு ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்தில் பாய்ந்ததாம். பெயர்க்காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள். வற்றிய கிணற்றில் சாமி கிடைப்பது உழுகிறவன் கற்பனைக்கே உரியது.

காணி என்றால் தமிழ்நாட்டுக் கணக்கில் சுமார் 1.32 ஏக்கர். ஆனால் பழைய தமிழில் அது அளவு மட்டுமல்ல, உரிமையும்கூட. தலைமுறை தலைமுறையாக வரும் நில உரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். 1801இல் ஆற்காட்டு நவாபின் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், இந்த உரிமையை என்ன செய்வது என்பதுதான் வெள்ளைக்காரக் கலெக்டர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அவர்கள் செய்த வேலைக்கு செட்டில்மெண்ட் என்று பெயர்.

அந்தச் சொல்லை மொழிபெயர்க்கும் போதெல்லாம் பேனா ஒரு கணம் நிற்கும். குடியேற்றம் என்றும் சொல்லலாம், நிலவரி நிர்ணயம் என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் நடந்தது முதல் வகை. மாசாசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து கருத்து வேறுபாட்டுக்காக விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், 1636இல் பிராவிடென்ஸ் என்ற ஊரை நிறுவி, அவரவர் மனசாட்சிப்படி வழிபடலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அங்கே சகிப்புத்தன்மை என்பது புதிதாக ஒருவர் வகுத்த கொள்கை. நம் பக்கம் நடந்தது இரண்டாவது வகை. இங்கே கம்பெனி வருவதற்கு முன்பே அது ஊர்க்கணக்கில் இருந்தது.

இது வெறும் பழம்பெருமை அல்ல. நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த செங்கல்பட்டில், தாமஸ் பர்னார்ட் என்பவர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களின் கணக்கைத் தொகுத்தார். களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் உழுதவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பாகவே ஊர்ப் பொதுவுக்கு மேரை எடுத்துவிடுவார்கள் என்பதை அதில் பார்க்கிறோம். கோயில், தச்சர், குயவர், வண்ணார், ஏரி காப்பவர் என்று நீளும் அந்த மானியப் பட்டியலில் பள்ளிவாசலுக்கும் பக்கீருக்கும் இடம் உண்டு. யாருடைய பெருந்தன்மையும் அதில் இல்லை. மரக்கால் அளவுதான் இருந்தது. வசனம் பேசும் சகிப்புத்தன்மையைவிட அளந்து கொடுக்கும் சகிப்புத்தன்மை உறுதியானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னால் 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனும் கோயில் மானியம், பள்ளிவாசல் மானியம், தர்கா மானியம் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பதிவேட்டில், ஒரே மாதிரிக் கட்டங்களில்தான் எழுதியது. மொழியும் இப்படியே. தமிழ் காணியாட்சிக்குக் கம்பெனிக் காகிதங்களில் மிராசு என்ற அரபிச் சொல் நிலைத்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை 1818இல் வெளியிட்ட ஆய்வும் மிராசு உரிமை பற்றியதே. இனாம், ஜமாபந்தி, பசலி, தாசில்தார் என்று நம் விவசாயி தினமும் புழங்கும் சொற்களில் பாதி அந்த வழியாக வந்தவை. பிள்ளையார் கோயில் நிலத்துக்கும் பசலி ஆண்டுதான்.

கம்பெனியின் சகிப்புத்தன்மைக்கு வேறு கணக்கு இருந்தது. 1801 முதல் 1843 வரை திருப்பதி கோயில் நிர்வாகத்தைச் சித்தூரிலிருந்த கலெக்டர் கவனித்தார். பக்தி காரணமல்ல, உண்டியல் வருமானம்தான். கிறிஸ்தவ அரசு கோயில் நடத்துவதா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே அது விலகி, ஹாதீராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது.

ஊரின் கணக்கிலும் ஓட்டை உண்டு. பள்ளிவாசலுக்குப் பங்கு கொடுத்த அதே களத்தில், நாள் முழுக்க நெல் அடித்த சேரி மனிதனுக்குக் கூலி நெல் உண்டு, காணி இல்லை. அவன் நிலமற்று நிற்பதைச் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கையாக எழுதிய பிறகே, 1892இல் பஞ்சமி நிலம் பிறந்தது. மதங்களுக்கு இடையே மரக்கால் நேராக நின்றது. சாதிக்கு முன்னால் சாய்ந்தது. முதல் பாதியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது அரைக்கணக்கு.

காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்ய மக்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். கோயில் நிலமா, வக்பு நிலமா என்ற வழக்குகளில் இரு தரப்பும் பழைய இனாம் பதிவேட்டைத் தேடிப் போகும் காலம் இது. அவரவர் மானியம் எத்தனை காணி என்பது அதில் கிடைக்கும். அத்தோடு மூடிவிடாமல் அடுத்த வரியையும் படித்தால் நல்லது. பக்கத்து நிலம் யாருக்கு விடப்பட்டது என்பதும் அதே கையெழுத்தில் இருக்கிறது.