அழைப்பும் அடுத்த அறையும்

ஏப்ரல் 29

தமிழ்த் திருச்சபைகளில் ஒருவர் அழைப்புப் பெற்றவர் என்று சொல்லப்படும்போது, அவர் குருப்பணிக்கோ தொலைதூர மிஷனரிப் பணிக்கோ வீட்டை விட்டுப் புறப்பட ஆயத்தமானவர் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது; மின்வாரியத்தில் கணக்கெழுதுபவரைப் பற்றியோ பள்ளியில் கணிதம் கற்பிப்பவரைப் பற்றியோ அவ்வாறு பேசும் வழக்கம் அரிது. இக்குறிப்பேட்டை எழுதுபவர், ஒடிசாவின் மலைப்பகுதியில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியொன்றில் கற்பிப்பதற்காக விருப்ப ஓய்வு பெற்று, ஜூன் தொடக்கத்தில் புறப்பட இருந்தவர். அவருடைய தாயார், மாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு இறங்குகையில் பக்கவாதத்தால் விழுந்ததை அடுத்து, பயணம் நின்றது. எது அழைப்பு என்னும் கேள்வி மட்டும் நிற்கவில்லை. எழுதுபவரையும் படர்க்கையில் நிறுத்திக்கொண்டால் புலம்பல் குறையும் என்பதால், இனி அவர் இங்கு மகள் என்றே குறிக்கப்படுவார்.

மே 3

மூளையின் இடப்பாகத்தில் இரத்தக் குழாய் அடைபட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சைக் கையாளும் பகுதியும் அதே பாகத்தில் அமைந்திருப்பதால், பலருக்குச் சொற்களும் உடன் போய்விடுகின்றன. மருத்துவர்கள் அஃபேசியா என்று குறிப்பிடும் இந்நிலை அறிவு மங்குவதன்று: எண்ணம் உள்ளே இருக்கும், அதற்குரிய சொல் வராது, சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் எஞ்சி, எல்லாத் தேவைக்கும் அதுவே வாயில் வரும். தாயாருக்கு எஞ்சியது 'வா' என்பது. தண்ணீருக்கும் வா, வலிக்கும் வா, ஜன்னலைச் சாத்துவதற்கும் வா.

பாடுவதற்கு மூளையின் வலப்பாகமும் துணைநிற்பதால், பேச இயலாத சிலரால் பழகிய பாட்டைப் பாட இயலும் என்று பிசியோதெரபி செய்ய வருபவர் சொல்லியிருந்தார். மாலை ஜெபத்தில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையொன்றை மகள் தொடங்கியபோது, தாயார் பல்லவி முழுவதையும் சொல் பிசகாமல் பாடி முடித்தார். அடுத்த நொடியே ஏதோ கேட்க முயன்று, 'வா' என்று சொல்லி, தம் வாயைத் தாமே இடக்கையால் அடித்துக்கொண்டார்.

மே 4

ஆலயத்துக்குப் போக இயலவில்லை. முதல் மணியும் இரண்டாம் மணியும் வீட்டிலிருந்தே கேட்டன.

மே 8

ஞாயிறு பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட பாடம் சாமுவேல் முதலாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம். சீலோவின் ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் தன் பெயர் சொல்லி அழைக்கப்படுவதைக் கேட்டு, ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடுகிறான்; ஏலி தான் அழைக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்; இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்த பின்னரே அழைப்பவர் கடவுள் என்று ஏலிக்குப் புரிகிறது. ஆசாரியன் என்பவர், மக்களுக்காகப் பலி செலுத்தும் பொறுப்புடையவர். அவருக்கே புரிய மூன்று முறை வேண்டியிருந்தது. பாடப்புத்தகங்கள் சிறுவனின் அறியாமையை எடுத்துக்காட்டி, கடவுளின் குரலை மனிதக் குரலிலிருந்து பிரித்தறியக் கற்க வேண்டும் என்று பாடத்தை முடித்துவிடுகின்றன.

இவ்விளக்கம் முழு நிறைவு தருவதாக இல்லை. ஏலிக்குக் கண்பார்வை மங்கியிருந்தது என்று அதே அதிகாரத்தின் தொடக்கம் கூறுகிறது. பார்வை குன்றிய முதியவருடன் இருக்கும் சிறுவன், இரவில் தன் பெயர் கேட்டால் அவரிடம் ஓடுவது இயல்பே. குரல் யாருடையது என்பதில் அவன் தவறினான், எழுந்ததில் தவறவில்லை. மூன்றாம் முறையும் சலிப்பின்றி எழுந்தான் என்பதற்கு வேதத்தில் சொற்கள் குறைவு. அழைப்பு வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதற்பணியோ, ஏலியின் வீட்டார்மேல் வரவிருந்த தண்டனையை அந்த முதியவரிடமே தெரிவிப்பது. அதைச் சொல்ல அஞ்சி விடியுமட்டும் படுத்திருந்தான். இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது தெளிவாகவில்லை.

மே 9

இரவு உறக்கமில்லை; படுப்பதும் 'வா' கேட்டு எழுவதுமாகப் போயிற்று. பாடம் வேறொரு ஆசிரியையிடம் ஒப்படைக்கப்பட்டது.

மே 17

அழைப்பைப் பற்றிய பிரசங்கங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் (1870–1960) வரலாறு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. திண்டிவனத்து மிஷன் பங்களாவில் 1890ஆம் ஆண்டளவில் ஓரிரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை வேண்டினர். அவர் மருத்துவம் கற்றவரல்லர், மருத்துவராகிய அவருடைய தந்தையையோ ஆண் என்பதால் அம்மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்காவில் வசதியாக வாழ்வதையே விரும்பியிருந்த அவ்விளம்பெண், மருத்துவம் பயிலத் துணிந்தது அந்த இரவுக்குப் பின்னரே. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூருக்கு வந்தார். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று பணி விரிந்தது.

பிரசங்கங்கள் கடந்துசெல்லும் இரண்டு செய்திகள் இங்குக் குறிக்கத்தக்கவை. முதலாவது, ஐடா திண்டிவனத்துக்கு வந்த காரணம்: அவர் மிஷனரியாக வரவில்லை, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள வந்தார், அது முடிந்ததும் திரும்பிவிடும் எண்ணத்துடன் வந்தார். கதவு தட்டப்பட்டபோது அவர் அவ்வீட்டில் இருந்தது தாயின் பொருட்டே. இரண்டாவது, இறந்துபோன மூன்று பெண்கள். ஒருவருக்கு அழைப்புக் கிடைப்பதற்காக மூன்று பேர் சாக வேண்டியிருந்தது என்ற பொருள் வருமாறு இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள், தாங்கள் எத்தகைய கடவுளை வருணிக்கிறோம் என்பதைச் சற்று நின்று எண்ண வேண்டும். அவர்களுடைய பெயர்கள் மேடையில் சொல்லப்படுவதில்லை. அவர்களுக்கு அந்த இரவு யாருக்கும் பாடமாக அமையவில்லை. உதவி வராத இரவாகவே முடிந்தது.

தாயாரின் இடுப்பருகே தோல் சிவந்திருக்கிறது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று செவிலியர் எச்சரித்துள்ளார்.

மே 25

சுகமளிக்கும் கூட்டங்களுக்குச் சென்றுவரும் உறவினர் ஒருவர் ஜெபித்த எண்ணெய்ப் புட்டியுடன் வந்து, வீட்டில் விசுவாசம் இருந்தால் நோயாளி எழுந்து நடப்பார் என்று கூறிச் சென்றார். எழுந்து நடக்காவிட்டால் குறை யாருடையது என்பது சொல்லாமலே விளங்கியது. நட்டாற்றில் கைவிடப்பட்டவர்களிடம் நீச்சல் தெரியாததற்கு விளக்கம் கேட்பது இவ்வகை ஆறுதல்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரன், அதாவது கைகால் செயலிழந்தவன், அந்த நிகழ்ச்சி முழுவதிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நால்வர் அவனைச் சுமந்துவந்து, கூட்டத்தின் நெருக்கத்தால் வாசல் வழியே நுழைய இயலாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷம் கூறுகிறது. அந்தப் பன்மையில் நோயாளியும் அடங்குவான் என்று கொள்வோர் உண்டு. அடங்கினாலும், முதலில் கண்ணில் படுவது சுமந்தவர்களே. அவர்கள் ஜெபித்ததாகவோ அறிக்கையிட்டதாகவோ குறிப்பு இல்லை. தூக்கினார்கள், கூரையைப் பிரித்தார்கள், இறக்கினார்கள். விசுவாசம் என்பது உள்ளத்தில் எழும் உறுதி என்றே கற்றுவந்தவர்களுக்கு இது சற்றே இடறலான பகுதி.

எண்ணெய் தேங்காய் எண்ணெயாதலால், முதுகில் தேய்க்கப் பயன்பட்டது.

மே 26

காற்று மெத்தையின் மோட்டார் மின்வெட்டில் நின்றது. வேறொன்றுமில்லை.

ஜூன் 6

புறப்பட வேண்டிய நாள். பயணச்சீட்டு ரத்து செய்யப்பட்டதில் பிடித்தம் போக மீதித்தொகை கணக்குக்கு வந்தது.

ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். (திருநெல்வேலி வட்டாரத் திருச்சபைகளில் சேகர குருவை ஐயர் என்று அழைப்பது வழக்கம்; சேகரம் என்பது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி.) வீட்டுப்பணியும் கடவுளின் அழைப்பே என்று அவர் ஆறுதலாகச் சொன்னது இறையியல் அடிப்படையில் சரியானது. துறவியரும் குருமாருமே அழைக்கப்பட்டவர்கள் என்ற இடைக்கால எண்ணத்தை மறுத்து, உழவர், பணிப்பெண், தாய் தந்தையர் ஆகியோரின் அன்றாடக் கடமையும் அழைப்பே என்று 16ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியவர் மார்ட்டின் லூத்தர். திருமண வாழ்வைப் பற்றி 1522இல் அவர் எழுதிய நூலில், குழந்தையின் அழுக்குத் துணியை அலசுபவரைக் கண்டு ஊரார் நகைத்தாலும் கடவுள் அவரைக் கண்டு மகிழ்வார் என்னும் கருத்து இடம்பெறுகிறது.

ஆனால் அந்நூலில் துணி அலசுபவர் ஒரு தகப்பன். தமிழ்நாட்டில் இப்போதனை ஆண்மக்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மணமாகாத மகள்களுக்கும், கணவனை இழந்த மருமகள்களுக்கும் சொல்லப்படுகிறது. சென்னையிலுள்ள தம்பி தொலைபேசியில், "அக்கா, நீங்க இருக்கதுனாலதான் தைரியமா இருக்கேன்" என்றார். அவரிடம் எந்தக் குருவும் வந்து, வீட்டுப்பணி உமக்கு அழைப்பு என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஊர் வழக்கம் விதித்ததையும் கடவுள் விதித்ததையும் ஒரே குரலில் பேசக் கேட்டுப் பழகிய காதுக்கு, இரண்டையும் பிரித்தறிவது கடினம். மறுத்துவிட்டுப் போவதிலும் அதே ஐயம் உண்டு: தொலைதூரப் பணியை நாடும் விருப்பத்தில் கீழ்ப்படிதல் எவ்வளவு, தப்பித்தல் எவ்வளவு என்று அளந்து சொல்ல யாராலும் இயலாது. கடவுள் சொன்ன பணிக்குத் தப்பி ஓடிய யோனாவும் தர்சீசுக்குக் கப்பலேறியபோது கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தியே ஏறினான்.

ஜூன் 7

நேற்று எழுதியதைக் கிழிக்க எண்ணி, விடப்பட்டது.

ஜூன் 22

தாயாரின் வேதாகமத்தில் பல ஆண்டுகளின் வாக்குத்தத்த அட்டைகள் பக்க அடையாளமாகச் செருகப்பட்டிருக்கின்றன. வாக்குத்தத்தம் என்பது கடவுள் அளித்த வாக்குறுதி. புத்தாண்டுப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் இவ்வட்டைகளைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், ஒவ்வொருவரும் கைபோன போக்கில் ஒன்றை எடுத்து, அதை அவ்வாண்டுக்குரிய செய்தியாகக் கொள்வார்கள். இவ்வாண்டு தாயார் எடுத்தது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தீமைக்கல்ல, நன்மைக்கான நினைவுகளே கடவுளிடம் உண்டு என்னும் பொருளது, அச்சகங்களுக்கு மிகவும் பிடித்தது.

அதற்கு முந்தைய 10ஆம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதருக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் பகுதி இது; திரும்பிவர 70 ஆண்டுகள் ஆகும் என்பதே அந்த வசனம் கூறுவது. கடிதத்தைக் கேட்ட முதியோரில் எவரும் எருசலேமை மீண்டும் காண வாய்ப்பில்லை. விரைவில் விடுதலை என்று முழங்கிய தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்றும், வந்துசேர்ந்த ஊரிலேயே வீடு கட்டி, தோட்டம் வைத்து, அந்த ஊரின் நலனுக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் அதே கடிதம் பணிக்கிறது. அட்டையளவு நம்பிக்கைக்கும் கடிதமளவு நம்பிக்கைக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

ஜூன் 24

கொத்தனார் வந்து குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்திவிட்டுப் போனார். வாசற்படியை உடைத்துச் சரிவாகக் கட்டுவதற்கும் பேசி முடிக்கப்பட்டது.

ஜூலை 2

காலையில் தாயார் இடைவிடாமல் அழைத்தார். தண்ணீர், தலையணை, மின்விசிறி, கழிப்பறை என எதைக் காட்டினாலும் தலையசைத்து மறுத்து, அடுக்களைப் பக்கம் இடக்கையை நீட்டினார். அரிசி களைந்து உலையில் போடும் நேரம் அது. நெடுநேரம் கழித்தே, அடுப்புமேடையின் மூலையிலிருந்த பழைய பால்பவுடர் டின் மகளின் கண்ணில் பட்டது. பிடியரிசி டின். சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைப்பதும், சேர்ந்ததை ஆலயத்தில் காணிக்கையாகப் படைப்பதும் இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவப் பெண்களின் நெடுநாளைய வழக்கம். தாயார் விழுந்தது முதல் அது நின்றுபோயிருந்தது. டின்னைக் கட்டிலருகே கொண்டுவந்து திறந்து காட்டியதும், இடக்கையால் அரிசியை அள்ளிப் போட்டார்; பாதி மெத்தையில் சிந்தியது; சிந்தியதைப் பொறுக்கிப் போடும்வரை கையை எடுக்கவில்லை.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடன் நின்றவர்களும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்தியரின் பொருளாலேயே அது நடக்க வேண்டும் என்று உறுதிகொண்டனர். பிறரைப் போகத் தூண்டிவந்த அசரியா, 1909இல் தாமே நிஜாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். போனவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அடுக்களையில் அரிசி எடுத்துவைத்தவர்களுக்குத் தாங்கள் அழைக்கப்பட்டவர்களா என்ற ஆராய்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியம்மா பிற்பகலில் வந்து டின்னைப் பார்த்து, "ஏட்டி, மயினி மறக்கலியே!" என்று சிரித்தார். தாயாரும் சிரித்தார், வாயின் ஒருபக்கமாக.

ஜூலை 5

பிசியோதெரபி நேரம் மாலைக்கு மாற்றம். வலக்காலின் பெருவிரல் அசைந்தது என்கிறார் பயிற்சியாளர், மகளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 14

மிஷன் செயலாளரின் கடிதம் வந்துள்ளது. ஒடிசா விடுதிப் பள்ளியின் கணித ஆசிரியர் இடத்தை அரையாண்டுத் தேர்வு வரை தற்காலிக ஏற்பாட்டில் நடத்தலாம், அதற்குமேல் இயலாது, முடிவை ஆகஸ்ட் இறுதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறார். ஜெபத்தில் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அக்கடிதம் தம்பிக்குப் படமெடுத்து அனுப்பப்பட்டது. அதனுடன், அம்மாவைக் கவனிப்பதில் அவருடைய பங்கு என்ன என்னும் கேள்வியும் இதுவரை இல்லாத நேரடிச் சொற்களில் அனுப்பப்பட்டது. பார்த்ததற்கான நீலக்குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை. செயலாளருக்கு எழுதவிருக்கும் பதிலுக்கு இரண்டு வரைவுகள் ஆயத்தமாக உள்ளன. நாளை காலை வாசற்படி வேலைக்கு ஆள் வருவதால், மணலை இன்றே ஓரமாக ஒதுக்கிவைக்க வேண்டும்.