வேஷம் கலைக்கும் நேரம்

மகளின் சலங்கை பூஜை முடிந்து வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது. வண்டியிலேயே தூங்கிப்போனாள். முகமெல்லாம் பான்கேக், காதோரம் வரை இழுத்த கண்மை. எழுப்ப மனமில்லாமல், படுக்க வைத்தபடியே ஈர வைப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துத் துடைத்தேன். பதினான்கு வைப்ஸ் தீர்ந்தும் மை போகவில்லை, கன்னத்துக்கு இறங்கியதுதான் மிச்சம். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காலையில் இமைகள் சிவந்து தடித்திருந்தன.

தோல் மருத்துவர் பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் ஒரு பெயரைக் காட்டினார்: மெத்தில்ஐசோதயசோலினோன். ஈரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், கழுவாமல் தோலிலேயே விடும் பூச்சுகளில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2017இல் நடைமுறைக்கு வந்தது. வைப்ஸால் துடைத்த பிறகு நம்மில் யார் முகம் கழுவுகிறோம்? "இதுவாவும் இருக்கலாம், நீங்க தேய்ச்சதாவும் இருக்கலாம். இமைத்தோல் ரொம்ப மெல்லிசும்மா" என்றார்.

என் மாமியார் செய்யாறு பக்கம். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். "கூத்தாடுறவங்க தேங்காயெண்ணெயிலதானே வேஷம் கலைப்பாங்க. என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். வேஷத்துக்குப் பூசும் அரிதாரம் என்பது உண்மையில் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். அதைப் பூசிய முகங்களையும் எண்ணெய்தான் துடைத்திருக்கிறது.

அடுத்த நிகழ்ச்சியன்று அத்தையே உட்கார்ந்து கலைத்துவிட்டார். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, மூடிய இமைமேல் விரலை வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். தேய்க்கவே இல்லை. இமைமுடியிலிருந்து மை தானாக இளகி, கரிய நூல் நூலாக வழிந்தது. மையிலும் உதட்டுச்சாயத்திலும் மெழுகும் எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. தண்ணீருக்கு மசியாதவை எண்ணெயில் கரைகின்றன. பிறகு மாமாவின் பழைய வேட்டியில் கிழித்த நான்கு துண்டுகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்தார். கடைசியில் கொஞ்சம் பயத்தமாவு, அவ்வளவுதான்.

அந்த நான்கு துண்டுகளைத்தான் இன்றும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுகிறேன். வைப்ஸுக்கு அந்த மறுபிறவி கிடையாது. பலவற்றில் பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் இழை இருக்கிறது, மக்காது. கழிப்பறையில் போட்டால் சாக்கடையை அடைக்கும். 2017இல் லண்டன் ஒயிட்சேப்பல் பாதாளச் சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு அடைத்துக்கொண்ட 130 டன் கட்டி, கொழுப்பும் இந்த வைப்ஸும் சேர்ந்து இறுகியதுதான். நம் ஊரில் அடைப்பெடுக்க இறங்குவது யார் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

முகப்பரு உள்ளவர்களுக்குத் தேங்காயெண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். மற்றபடி, ஆண்டு விழாவுக்குக் குழந்தையை அலங்கரித்துக் கூட்டிப்போகும் அம்மாக்களே, பையில் சின்னப் புட்டியில் எண்ணெயும் நாலு வேட்டித் துண்டும் எடுத்துப் போங்கள்.