யுங்ஃப்ராவ் அடிவாரத்தில் ஒரு முகத்திரை

கோடை வந்துவிட்டால் இன்டர்லாகென் நகரின் ஹோஹவெக் சாலையில் சுவிஸ்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கைக்கடிகாரக் கடைகள், பழைய ஓட்டல்கள். மறுபக்கம் ஹோஹமாட்டே என்ற பரந்த புல்வெளி. 1864இல் ஓட்டல்காரர்களும் ஊர்ப் பிரமுகர்களும் அதை வாங்கி, கட்டடம் எழுப்புவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதனால்தான் 4,158 மீட்டர் உயரமுள்ள யுங்ஃப்ராவ் சிகரம் இன்றும் சாலையிலிருந்தே தெரிகிறது. இந்தியர்கள் 2016இல் நிறுவப்பட்ட யாஷ் சோப்ரா சிலையருகே படம் எடுத்துக்கொள்கிறார்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இங்கே பெய்யும் மழையே பெரிய வேடிக்கை.

இக்குடும்பங்களின் பெண்களில் பலர் தலையை மட்டும் மூடுபவர்கள். கண்கள் மட்டும் தெரியும் நிகாப் அணிந்தவர்களும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தார்கள். ஊர் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து நீளும் கடன் அட்டையை எந்தக் கடிகாரக் கடையும் வேண்டாம் என்று சொல்லாது.

2025 ஜனவரி 1 முதல் சுவிட்சர்லாந்து முழுவதும் பொது இடங்களில் முகத்தை மூடுவது குற்றம். பிடிபட்டால் 100 ஃபிராங்க் அபராதம். கட்ட மறுத்து வழக்கானால் 1,000 வரை போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு விலக்கு இல்லை.

இந்தத் தடையைக் கொண்டுவந்தது மக்களின் ஓட்டு. 2021 மார்ச் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.2 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவளித்தார்கள். அரசாங்கமும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லியும் பயனில்லை. வாக்குகள் விழுந்த இடங்களைப் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. நிகாப்பைத் தெருவில் அடிக்கடி பார்த்த இன்டர்லாகெனும் லூசெர்னும் தடையை நிராகரித்தன. ஜூரிச், ஜெனீவா, பாசெல் நகரம் ஆகிய மாநிலங்களும் அப்படியே. தடை ஜெயித்தது, முகத்திரையை அதிகம் பார்த்திராத ஊர்களின் தயவில். ஓட்டல் நகரங்களின் சகிப்புத்தன்மையில் வியாபாரக் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பக்கத்து மேஜையில் தினமும் காபி குடிப்பவரைப் பார்த்துப் பயப்படுவதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

சரி, உள்ளூரில் எத்தனை பேர் இப்படி முகத்தை மூடுகிறார்கள்? லூசெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீடு 21 முதல் 37 வரை. சுமார் 86 லட்சம் மக்கள் இருந்த நாட்டில்! அவர்களிலும் பலர் மேலை நாடுகளிலேயே வளர்ந்து, தாங்களாகத் தேர்ந்து இதை அணிபவர்கள். இஸ்லாத்துக்கு மாறிய சுவிஸ் பெண்களும் உண்டு. பத்திரிகைகள் இதை 'புர்கா தடை' என்றன. கண்ணுக்கும் வலை போட்ட ஆப்கன் புர்கா சுவிஸ் தெருக்களில் தென்படுவதே இல்லை எனலாம். ஆனால் பிரச்சாரச் சுவரொட்டிகளில் கறுப்பு நிகாப்புக்குள்ளிருந்து ஒரு பெண் முறைத்தாள். பக்கத்தில் 'தீவிரவாதத்தைத் தடுப்போம்' என்ற வாசகம். இதே குழுதான் 2009 வாக்கெடுப்பில் புதிய மினாரெட்டுகள் கட்டக்கூடாது என்று ஜெயித்தது. அப்போது நாட்டில் இருந்த மினாரெட்டுகள் நான்கு.

தடையை ஆதரித்தவர்கள் எல்லாருமே வலதுசாரிகள் அல்ல. முற்போக்கு இஸ்லாத்துக்கான அமைப்பை நடத்தும் சயீதா கெல்லர்-மெசாலி போன்ற முஸ்லிம் பெண்ணும் ஆதரித்தார். பெண்ணின் முகத்தை அழிக்கும் துணியைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எதிர்த்த பெண்களும், பெண் என்ன உடுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமா சொல்வது என்று கேட்டார்கள். சுவிஸ் பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாடு தழுவிய தேர்தல்களில் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1971 பிப்ரவரியில்தான். அதையும் ஆண்கள் மட்டும் ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்து ஆண்கள் உள்ளூர் விவகாரங்களில் 1990 வரை இடம் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

வாக்கெடுப்பு நடந்த நாளில் கொரோனா காரணமாக நாடே முகக்கவசத்தோடு இருந்தது. சட்டத்தில் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு. குளிருக்கு உண்டு. உள்ளூர் வழக்கங்களுக்கும் உண்டு: லோட்ஷென்டால் பள்ளத்தாக்கில் பிப்ரவரி மாதத்தில் ஆட்டுத்தோல் போர்த்து, கோரைப் பற்கள் வைத்த மர முகமூடி மாட்டி, ஆட்களைத் துரத்தும் இளைஞர்கள் பயப்பட வேண்டியதில்லை. பாசெல் திருவிழாவில் முழு முகத்தையும் மறைத்து முரசடிப்பவர்களும் அப்படியே.

வழிபாட்டுத் தலங்களிலும் நிகாப் அணியலாம், தூதரகங்களிலும் அணியலாம், விமானத்துக்குள்ளும் அணியலாம். வளைகுடாவிலிருந்து வருபவர் ஹோஹவெக்கில் முகத்தைக் காட்ட மனமில்லாவிட்டால், அடுத்த கோடையில் வேறு நாட்டு மலைக்குப் போய்விடலாம். சுவிஸ் ஊர் ஒன்றில் வீடும் குழந்தைகளின் பள்ளியும் உள்ள அந்த இருபது, முப்பது பேருக்கு அந்த வசதி இல்லை. திரையை எடுக்க வேண்டும், அல்லது கடைக்குப் போவதற்கும் வேறொருவரை அனுப்ப வேண்டும்.