பகலில் வீட்டில் இருப்பவர்

சர்வீஸ் அபார்ட்மென்ட் தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: போகவேண்டிய இடத்துக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம்? லாட்ஜுக்கு அந்தக் கேள்வி சரி. லாட்ஜில் அடுப்பு கிடையாது; ராத்திரி வந்து படுத்து, காலையில் குளித்துக் கிளம்புகிற இடம் அது. சர்வீஸ் அபார்ட்மென்டில் அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, நாலு தட்டும் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கின்றன. அடுப்பு வந்துவிட்டால் ஆள் பயணி இல்லை, குடித்தனக்காரர். குடித்தனம் என்றால் இரண்டாவதாக ஒருவரும் வருவார். மூன்று மாத வேலைக்கு வந்தவரின் மனைவி, சிகிச்சைக்கு வந்த தம்பியோடு துணைக்கு வந்த அக்கா, மகனோடு வந்த வயதான அம்மா என்று யாராவது. வெளிவேலை உள்ளவர் காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுவார். இருட்டும்வரை அந்தப் பேட்டையில் வாழ்கிறவர் மற்றவர்தான். ஆகவே பேட்டையை அவருக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நடைமுறையில் பார்த்தால், இடம் முடிவாகும்வரை அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்தக் கட்சிக்கு முன்னோடியாக நான் காட்டக்கூடியவர் சிலப்பதிகாரத்தில் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள். மதுரைக்கு வந்து சேர்ந்த கோவலன், கண்ணகி, அடிகள் மூவரும் கோட்டைக்கு வெளியே, துறவிகள் இருக்கும் புறஞ்சேரியில் இறங்குகிறார்கள். ஊருக்குள் இருக்கும் வணிகர்களிடம் என் நிலைமையைச் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோவலன் உள்ளே போகிறான். இளங்கோ அந்தப் பகுதிக்கு வைத்த பெயரே ஊர்காண் காதை. பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணிக்கடை வீதி, கூல வீதி என்று கோவலன் எல்லாவற்றையும் பார்க்கிறான். எந்த வணிகரையும் கண்டு பேசியதாகக் காவியம் சொல்லவில்லை. திரும்பி வந்து மதுரையின் சிறப்பைச் சொல்கிறான். வீடு பார்க்கப் போன கணவன்மார்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது மாடலன் என்ற மறையவன் வந்து சேர்கிறான். இது துறவிகள் இருக்கிற இடம், இல்லறத்தாருக்குப் பொருந்தாது, உன் தந்தையின் பெருமை தெரிந்தால் ஊருக்குள் இருக்கும் வணிகர்கள் உன்னை வரவேற்பார்கள், பொழுது சாய்வதற்குள் போ என்பது அவனும் கவுந்தியடிகளும் கோவலனுக்குச் சொன்ன யோசனை. வசதியான பேட்டை, சொந்தத் தொழில்காரர்கள், தெரிந்த பெயர். இன்றைக்கும் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் அந்த நேரம் பார்த்து, இயக்கி என்ற பெண்தெய்வத்துக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் மாதரி என்ற இடைக்குல மூதாட்டி வந்து அடிகளை வணங்குகிறாள். அடிகளின் மனம் மாறுகிறது. மாறியதற்குச் சொல்லும் காரணங்களில் தூரமும் இல்லை, வசதியும் இல்லை. பசுவைக் காத்து அதன் பயனைப் பிறருக்குக் கொடுக்கிற வாழ்க்கையில் கொடுமை கிடையாது என்பது ஒன்று. அதாவது அந்தச் சேரி என்ன தொழில் செய்து பிழைக்கிறது என்று பார்த்திருக்கிறார். இந்த அம்மாள் நல்லவள், நேர்மையும் இரக்கமும் உள்ளவள் என்பது மற்றொன்று. பிறகு மாதரியிடம் சொல்வதெல்லாம் கண்ணகியைப் பற்றியே. நீராட்டு, மை தீட்டு, பூ வை, அவளுக்குத் தோழியாகவும் காவலாகவும் தாயாகவும் நீயே இரு என்கிறார். கோவலனுக்கு எது சௌகரியம் என்ற பேச்சே எழவில்லை. இது நிரந்தர ஏற்பாடும் அல்ல. செல்வர்களான சொந்தக் குலத்தார் அழைத்துக்கொள்ளும்வரைதான் என்றும் சொல்லிவிடுகிறார். மாதரியும் அவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக வைக்கவில்லை. செம்மண் பூசிப் பந்தல் போட்ட, காவலுள்ள தனிச் சிறு வீடு கொடுக்கிறாள். இவர்கள் சமண நோன்பிகள், பகலிலேயே உண்பவர்கள் என்பதால் சமைக்கப் பாத்திரங்கள் தாமதமின்றி வருகின்றன. பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் பொருள்கள் வருகின்றன. துணைக்கு மகள் ஐயையை அனுப்புகிறாள். அடுப்பு மூட்டிக் கொடுப்பது அந்தப் பெண்தான். தனி வீடு, பாத்திரம், பண்டம், ஒத்தாசைக்கு ஆள், குறுகிய காலத் தங்கல்: சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. இன்றைய வாடகைக்குக் கிடைக்கும் வரவேற்பு இரண்டு டீப் பொட்டலமும் ஒரு தண்ணீர் பாட்டிலும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. அடிகள் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் போன மறுநாளே கோவலன் கொலையுண்டான். வணிகர் வீதியில் தங்கியிருந்தால், இவன் புகாரின் மாசாத்துவான் மகன் என்று சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன் என்று பொற்கொல்லன் சொன்ன ஒற்றைப் பொய் நின்றிருக்காது. ஆயர் சேரியில் அவனுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. மாடலன் யோசனையே சரி என்று ஒருவர் வாதிட்டால் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தச் சாட்சிகளைத் தேடிவைப்பது கோவலன் பொறுப்பு. அதற்காகத்தான் முதல் நாள் ஊருக்குள் போனான், வீதி பார்த்துவிட்டு வந்தான். தொழிலுக்கு வேண்டிய அறிமுகத்தைத் தங்குமிடம் தரும் என்று நம்பியிருக்கக் கூடாது. தங்குமிடம் செய்யவேண்டியது வேறு. அதை ஆயர் சேரி செய்தது. கண்ணகிக்குச் செய்தி கொண்டுவந்ததும், அது வந்தபோது சுற்றி நின்றதும் அந்தச் சேரிப் பெண்கள். அடைக்கலம் வந்தவர்களை இழந்தேனே என்று மாதரி தீயில் விழுந்தாள் என்பதை மாடலனே பின்னால் சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறான்.

சென்னைக்கு வருவோம். என் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்க ஒரு நேரம் போதும்: பகல் 11 மணி. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடியிலோ சோழிங்கநல்லூரிலோ அலுவலகத்துக்கு எதிரிலேயே அடுக்குமாடி கிடைக்கும். பகல் 11 மணிக்கு அங்கே வீட்டில் இருப்பவர் கீழே இறங்கினால் வாயிற்காவலர், அவரைத் தாண்டினால் ஆறுவழிச் சாலை. கொத்தமல்லிக் கட்டுக்காக அந்தச் சாலையைக் கடக்க யாருக்கும் மனம் வராது. அதே நேரத்தில் மந்தைவெளியிலோ மேற்கு மாம்பலத்திலோ இருப்பவருக்குத் தெருமுனையில் இஸ்திரி வண்டி, காய்கறிக்கடை, மருந்துக்கடை, காபிக்கொட்டை அரைக்கிற கடை, மூட்டுவலிக்காரரும் நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயில். வேலைக்குப் போகிறவர் என்ன ஆவார் என்று கேட்பீர்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் மந்தைவெளியிலும் நிற்கிறது, தரமணியிலும் நிற்கிறது. அவர் நாளைக்கு இரண்டு முறை பயணம் செய்வார். வீட்டில் இருப்பவர் கீழே இறங்கி ஏறுவது அதைவிட அதிகம். மயிலாப்பூரில் இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டப் பள்ளங்களைச் சுற்றித்தான் நடக்க வேண்டும் என்பது உண்மை; இருந்தாலும் நடக்க ஓர் இடம் இருக்கிறது. தனியாக வருகிறவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. அவர்களுக்காகத்தான் திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் மெஸ்களும் உண்டாயின. மார்கழிக் கச்சேரிக்காக ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு மாதம் வீடு எடுப்பவர்களும் விதிவிலக்கு. சபா கேன்டீன் இருக்கும்வரை அந்த வீட்டு அடுப்பை யாரும் பற்றவைக்கப் போவதில்லை.

எல்லாம் செயலியில் வந்துவிடுகிறதே, பேட்டை எதுவாக இருந்தால் என்ன என்பது இன்னொரு ஆட்சேபம். பண்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் மாதரி பண்டத்தை மட்டும் அனுப்பவில்லை, ஐயையையும் அனுப்பினாள். வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். சென்னையில் கிரீம்ஸ் சாலைப் பக்கத்துச் சந்துகளிலும் அப்படித்தான். நோயாளி உள்ளே படுத்திருக்க, வெளியே தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் நிற்கிற கூட வந்தவருக்காக எழுதிய பலகைகள் அவை. மீன்குழம்பு அவர் ஊர்ப் பக்குவத்தில் கிடைக்கிறது, கடைப்பையன் அரைகுறை வங்காளத்தில் கணக்குச் சொல்கிறான். அழகான தெருக்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கவுந்தியடிகள் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கடைசியாகத் தண்ணீர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். பெயர்ப்பலகைக்கு மட்டும் இன்னும் ஏரி ஞாபகம் இருக்கிறது, அடைமழை வந்தால் தண்ணீருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. வெளியே போனவர் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வார், அங்கே ஜெனரேட்டராவது இருக்கும். ஊர் தெரியாமல், மின்சாரம் இல்லாமல், பக்கத்து வீட்டார் பெயர்கூடத் தெரியாமல் இருக்கப்போவது பகலில் வீட்டில் இருப்பவர். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு பகலில் அந்தத் தெருவுக்கு யாரையாவது அனுப்புங்கள். கண்ணகியையே அனுப்பினால் இன்னும் நல்லது. 2015இல் எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது என்று இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். வண்டியே இல்லையென்றால் வேறு தெரு பாருங்கள்.