மூலிகைச் சாறும் மில்லிமீட்டரும்

ஒரு கல்லூரி மாணவர்களின் ஆய்வறிக்கையை மதிப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மரமஞ்சள் தண்டின் மெத்தனால் சாறு ஸ்டஃபைலோகாக்கஸ் பிளேட்டில் கிருமி வளராத பெரிய வளையம் தந்ததாம், ஹெக்சேன் சாறு சிறியது தந்ததாம். ஆகவே முதலாவதே வீரியம் மிக்கதாம். கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டேன்.

வளையம் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை. பொருள் அகாரில் எவ்வளவு பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் சாறு ஊறிய டிஸ்க்கைவிட்டு நகர்வதே அரிது. அகார் 4 மி.மீ. கனத்துக்குக் குறைந்தால் வளையம் அகலும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கல் அளவைவிட நீர்த்திருந்தாலும் அகலும். 1966-இல் பாவர், கெர்பி குழுவினர் முறைப்படுத்திய டிஸ்க் சோதனை தனி ஆன்டிபயாட்டிக்குகளுக்கானது. அங்கேயே ஒரு மருந்தின் வளையத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு வீரியம் சொல்லக் கூடாது. பல பொருள் கலந்த சாற்றுக்கு மட்டும் எப்படிச் செல்லும்?

ஆய்வகத்தில் எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியை அம்மா வளையத்தை முதல் சல்லடையாக மட்டுமே ஏற்பார். உடனே 96 குழிப் பிளேட்டில் பாதிபாதியாக நீர்த்து எம்.ஐ.சி., அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு, பார்க்க வேண்டும். சாறு கருத்திருந்தால் கலங்கல் தெரியாது என்று ரெசசூரின் சாயம் சேர்ப்போம். நீலம் இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடிருக்கிறது. ஆனால் சில சாறுகள் கிருமியே இல்லாமலும் அந்த நிறத்தை மாற்றிவிடும். அதனால் சாறு மட்டும் விட்ட குழி, டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானோடு கிருமி விட்ட குழி, கிருமி மட்டும் விட்ட குழி, மூன்றும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் அம்மா பிளேட்டைக் கையில் வாங்கமாட்டார். "கன்ட்ரோல் எங்கம்மா? இல்லாம எதுக்கு எங்கிட்ட கொண்டு வந்தே?" என்பார். ஒருமுறை டிஸ்க்கில் மெத்தனால் முழுக்கக் காயவில்லை என்று சந்தேகப்பட்டு, ஒரு வரிசைப் பிளேட்டுகளையே ஆட்டோகிளேவுக்கு அனுப்பினார். அந்தக் கறார் இன்று யாரிடம் இருக்கிறது? படத்தில் வளையம் அழகாக விழுந்தால் போதும், அச்சேறிவிடுகிறது.

இன்னொன்று, செடியின் அடையாளம். நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் கேட்டால் காஸ்சினியம் கொடியும் கிடைக்கும், பெர்பெரிஸ் கட்டையும் கிடைக்கும். இரண்டிலும் பெர்பெரின், இரண்டும் மஞ்சள். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத்தில் சரிபார்த்து எண் வாங்காதவரை எதைச் சோதித்தோம் என்று சொல்லவே முடியாது.

காஸ்சினியம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிப்போன கொடி, மெதுவாக வளர்வது. அதை வெட்டவைத்து, ஒரு பிளேட்டில் வளையம் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். கைபழக வேண்டுமென்றால் கல்லூரிச் சுவரோரம் குப்பைமேனி இல்லையா?